வெளியே வராத பூட்ஸ்

சூசையின் இறப்புக்குக் காரணம் எலிக்காய்ச்சல் என்பதை இரத்தப் பரிசோதனை உறுதிப்படுத்தியிருக்கிறது. வைத்தியசாலை கொடுத்த கடிதத்தை அவருடைய மனைவி திரேசா நேற்றுப் பிற்பகல் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினார். அடக்கம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது. வாசித்து முடித்ததும், "அப்ப அந்த எலிங்கதானா அண்ணே?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை அப்போது சொல்லாமல் விட்டேன்.

எங்கள் மஹய்யாவப் பகுதியில் அவரை அறியாதவர்கள் குறைவு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நகருக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் வெள்ளெலிகளைப் பராமரித்தவர் சூசை. தீனி, தண்ணீர், கூண்டு கழுவுவது, எடை பார்ப்பது, குட்டி போட்டால் பதிவது. இருபது வருடத்துக்கு மேல் ஒரே அறை. தேநீர்க் கடையில் யாராவது "வாங்க எலி டாக்டர்" என்றால், "ஒனக்கும் ஒரு ஊசி இருக்கு, வால மட்டும் காட்டு" என்பார்.

அந்த அறையைப் பற்றிப் பத்திரிகையில் எழுத ஒருமுறை போனேன். கதவிலேயே நிறுத்திவிட்டார். "ஒங்க பேப்பரயே உள்ள விடமாட்டேன், ஒங்கள விடுவேனா அண்ணே?" கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். காலில் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். ஓர் எலியைத் தராசில் வைக்குமுன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதன் படபடப்பு அடங்கும்வரை நின்றார். "பயந்த எலி சரியான எடை காட்டாது" என்று பிறகு விளக்கினார்.

உள்ளே இருப்பது வெளியே வராது, வெளியே இருப்பது உள்ளே போகாது. இதுதான் அவர் அடிக்கடி சொன்னது. பண்ணை ஒன்றைப் பார்த்துவிட்டு நேரே வந்த மேலதிகாரியிடமும் அதையே சொன்னாராம். "குளிச்சிட்டு வாங்க சேர்." அதிகாரி சத்தம் போட்டார். சூசை கதவை விட்டு அசையவில்லை. அதிகாரி குளித்துவிட்டு வந்தார். இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னவர் அந்த அதிகாரிதான்.

இனி, நான் சொல்லாமல் விட்டது. கடந்த மாத மழையில் எங்கள் வீட்டுப் பின்புற வடிகான் அடைத்துக்கொண்டது. லீவு நாளில் சில்லறை வேலைகளுக்கு வருவார் என்று சூசையை அழைத்தது நான். சனிக்கிழமை காலையில் வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். அவர் குதிகாலில் வெடிப்பு இருந்தது. "பூட்ஸ் எங்க சூசை?" என்று கேட்டேன். "அது அங்க போடுறது அண்ணே. வெளிய வராது." நான் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன். இலை, பொலித்தீன் பை, செத்துப்போன ஒரு கான் எலி எல்லாம் வந்தன. வேலை முடிந்ததும் கொல்லைக் குழாயடியில் அரை மணித்தியாலம் தேய்த்துக் குளித்தார். தேநீர் ஆறுகிறது என்று என் மனைவி கூப்பிட்டாள். "இருங்க அக்கா, திங்கக்கிழமை அதுகளத் தொடணும்" என்றார்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. அன்றும் வேலைக்குப் போனார், ஆனால் அறைக்குள் நுழையவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, எந்தக் கூண்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சக ஊழியருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார். மூன்று நாள் பனடோல் மாத்திரை குடித்தார். கண் மஞ்சளான பிறகே வைத்தியசாலைக்குப் போனார். அங்கே ஐந்தாம் நாள் இறந்தார்.

சேமக்காலையில் அடக்கத்தின்போது என் பின்னால் நின்ற ஒருவர், "எலியோடயே கெடந்தாரு, எலியாலயே போயிட்டாரு" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆய்வுகூடத்து எலிகளிடம் மாதிரி எடுத்து அனுப்பியிருப்பதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்கிறார். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் அந்தக் கிருமி இருக்கும், தோல் வெடிப்பு வழியாக ஏறும் என்றார். கிருமி இருந்தால் அந்த அறையிலுள்ள எல்லா எலிகளையும் கொன்றுவிடுவார்கள். எங்கள் வடிகானைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டு, இல்லையென்றால் என்று கேட்டேன். "அப்பவும் ஒங்க கான்தான்னு நிரூபிக்க ஏலாது" என்றார். அதைக் குறித்துக்கொண்டேன். அது எனக்கு உதவவில்லை.

குழாயடிக் கல்லின் மேல் அவர் கொண்டுவந்த சிவப்புச் சவர்க்காரத்தின் மிச்சம் கிடக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும், அந்தப் பூட்ஸ் பதிலும்தான்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் இன்று காலை திரேசாவின் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். வடிகான் பகுதி வந்தபோது அரிசி புடைப்பதை நிறுத்தினார். கடைசிவரை கேட்டார். சுளகைக் கீழே வைத்தார். பிறகு, "குதிகால்ல வெடிப்பு இருந்திச்சு அண்ணே. அதையும் போடுங்க" என்றார்.

போட்டிருக்கிறேன். எலிகளின் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை பிற்பகல் வரும்.