இடது சீட்டில் யாரும் இல்லாதபோது

போன வாரம், வியாழக்கிழமை காலை. ஓரிக்கை ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர். முன்சக்கரம் இறங்கிவிட்டது, பின்சக்கரம் இன்னும் இறங்கவில்லை — அந்த இடைவெளியில் என் கார் நின்றுபோனது.

பின் சீட்டிலிருந்து ஸ்டெல்லா கைதட்டினார்.

"நின்னுச்சா? சூப்பர் சார்!"

கார் நின்றதற்குக் கைதட்டிய மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கூடவே நானும் சிரித்தேன்.

என் காருக்குப் பத்தொன்பது வயசு. மழை பெய்தால் ஒரு கதவு திறக்காது, வெயில் அடித்தால் ஒரு கண்ணாடி ஏறாது. அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் நாலு மாசமாகப் புது வியாதி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் மட்டும் அமைதியாகிவிடும். விளக்கு எரியும். ஹாரன் அடிக்கும். பாட்டுகூடப் பாடும். நகராது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால்? டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளை மாதிரி, சமர்த்தாக ஓடும். ஒருவர் பாட்டரியை மாற்றினார். இன்னொருவர் ரிலேவை மாற்றினார். மூன்றாமவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வண்டில ஒண்ணுமே இல்ல சார். நீங்க நல்லாத் தூங்குறீங்களா?"

எலுமிச்சம்பழமும் நசுக்கிப் பார்த்தேன். நாலு சக்கரத்துக்கும்.

நின்றால் நிற்கட்டும் என்று விட்டிருக்கலாம்தான். ஆனால் வேலூர் இருக்கிறதே...

என் மனைவி வேலூரில் டீச்சர். போன வருஷம் மாற்றலாகிப் போனாள். மாற்றல் என்பது நாங்கள் வெளியே சொல்வது. கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் என்பது வீட்டுக்குள் இருப்பது. மகள் கயலுக்கும் அங்கேதான் காலேஜ். முதலில் மாசத்துக்கு இரண்டு முறை கயல்தான் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள். கடைசி வருஷம், புராஜெக்ட் என்று அது நின்றபிறகு நான் காரை எடுத்தேன். மூன்று ஞாயிறு கிளம்பினேன். மூன்று முறையும் பாதி வழியில் நின்றேன். மூன்று முறையும் திரும்பிவிட்டேன்.

இப்போது கயலுக்குப் புனேயில் வேலை. ஞாயிறு மத்தியானம் காட்பாடியில் ரயில். போனில் சொன்னாள்:

"கார் நிக்குது நிக்குதுன்னு சொல்றியேப்பா... அது ஏன் வேலூர் வரும்போது மட்டும் நிக்குது? முடியலன்னா பரவால்லப்பா. விடு."

அந்தப் 'பரவால்லப்பா' என்னை இரண்டு நாள் சாப்பிடவிடவில்லை.

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு வேலூர் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான்தான் ஏறவில்லை. 'கார் நின்னுடுச்சு' என்று போனில் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. அந்த வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது? அதை இங்கே எழுதாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல...

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னவர் பக்கத்து வீட்டு சண்முகம். பட்டு நெசவு. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. அன்றைக்கு அவர் திருப்புட்குழியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போவார். எங்கள் தெருவில் ஒரு கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டால் போதும், யாராவது ஒருவர் பையோடு வந்து நிற்பார். அந்தப் பக்கமா போறீங்க? ஊருக்குள் நான் தனியாக ஓட்டிய ஞாபகமே இல்லை. வேலூர் கிளம்பிய மூன்று ஞாயிறும் சண்முகம் ஏறிக்கொண்டார். அவர் தன் மகளிடம் போய்ச் சேர்ந்தார். என் காரில். நான் என் மகளிடம் போய்ச் சேரவில்லை.

வியாழக்கிழமையும் வழிகாட்ட அவரே முன்னால் ஏறி உட்கார்ந்து கூட்டிப்போனார்.

ஓரிக்கை ரோட்டில் ஸ்டெல்லாவுக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. நாற்பது வயசு இருக்கும். கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பைக் காதில் பென்சில் மாதிரி செருகியிருந்தார். பானெட்டைத் திறக்கவே இல்லை. டீ வரவழைத்தார். விசாரித்தார்.

"மூணு வாட்டியும் எங்க சார் நின்னுச்சு?"

"திருப்புட்குழி தாண்டி. ஹைவேல."

"அதுக்கு முன்னாடி இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. இவர எறக்கி விட்டேன்."

"நின்னது எப்டி கெளம்பிச்சு?"

"ஒவ்வொரு தடவையும் பக்கத்துலேர்ந்து ஒரு மெக்கானிக் வந்தார். முன்னால ஏறி உக்காந்து சாவியத் திருப்புங்கன்னார். கெளம்பிடுச்சு. மேல போக பயந்துகிட்டு, அவரையும் ஏத்திக்கிட்டு ஊருக்கே திரும்பிட்டேன்."

ஸ்டெல்லா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வண்டிய எடுங்க சார். நான் பின்னாடி ஒக்கார்றேன். அண்ணே, நீ இங்கயே இரு."

"முன்னாடி உக்காரலாமேம்மா."

"முன்னாடி யாரும் ஒக்காரக் கூடாது சார்."

அப்படித்தான் அந்த ஸ்பீடு பிரேக்கர்.

கைதட்டி முடித்து இறங்கினார். முன்பக்கம் வந்து இடது சீட்டில் உட்கார்ந்தார். திருப்பச் சொன்னார். கிளம்பியது. மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து எழும்பினார்... நின்றது. உட்கார்ந்தார், திருப்பினேன், கிளம்பியது. எழுந்தார், நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி மூன்று முறை செய்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க வண்டிக்குத் தொண கேக்குது சார்! தனியா வரமாட்டேன்னு அடம் புடிக்குது!"

நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக.

கடைக்குத் திரும்பி சீட்டைக் கழற்றினார். கீழே கார்ப்பெட்டைச் சுருட்டினால் ஒரு போல்ட், அதில் பெட்ரோல் பம்புக்கான எர்த் வயர். துருப்பிடித்து லூசாகிக் கிடந்தது.

"ஆள் ஒக்காந்தா சீட்டு இத்த அமுக்கிப் புடிச்சுக்குது. ஆள் இல்லன்னா குலுங்குற குலுக்கல்ல தூக்கிக்குது. பம்பு நின்னுப்பூடுது. அவ்ளோதான்."

துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஆனா சார், இது நாலஞ்சு வருஷத்துத் துரு. இத்தினி நாளா எப்டி ஓடிக்கினு இருந்துச்சு?"

சண்முகம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படி ஓடியது? மடியில் ஹேண்ட்பேக்கை வைத்துக்கொண்டு, நான் கொஞ்சம் வேகமெடுத்தால் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டு, ஒருத்தி அந்த சீட்டில் இருந்தாள். அப்படி ஓடியது. நான்தான் ஓட்டுகிறேன் என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்டெல்லா துருவைத் தேய்த்து எடுத்து, புது முனை போட்டு, போல்ட்டை முறுக்கினார். பிறகு நான் மட்டும் தனியாக அதே ஸ்பீடு பிரேக்கரில் நாலு முறை ஏறி இறங்கினேன். நிற்கவில்லை.

ஞாயிறு. சண்முகம் முறுக்குப் பையோடு வந்தார். திருப்புட்குழியில் இறங்கி, ஜன்னலில் குனிந்தார்.

"பாத்துப் போங்க. எங்கனா நின்னா போன் போடுங்க, நான் வந்து ஒக்கார்றேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. கார் தாண்டிப் போனது. இனிமேல் காரைக் குறை சொல்ல முடியாது. வேலூர் வரைக்கும் அந்த வெறும் சீட்டும் நானும்தான்.

கயல் வாசலில் நின்று காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெஜமாவே வந்துட்டியாப்பா?"

காட்பாடிக்கு அவள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவள் அம்மா பின்னால், இரண்டு பெட்டிகளுக்கும் ஒரு தலையணைக்கும் நடுவில்.

"வண்டி சரியாயிடுச்சா?" பின்னாலிருந்து கேட்டாள்.

"எர்த் போயிருந்தது."

"ஓ."

ரயில் போனது. கயல் கதவில் நின்று கையாட்டினாள், இரண்டு பேருக்கும் பொதுவாக. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தோம். இனி பெட்டி இல்லை, தலையணை இல்லை. நான் முன்கதவைத் திறந்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் அவள் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

அங்கிருந்து அவள் வீடு கால் மணி நேரம். வழியில் ஏழு ஸ்பீடு பிரேக்கர். ஒன்றில்கூட நான் வேகத்தைக் குறைக்கவில்லை. குலுங்கியது, தூக்கிப்போட்டது... நிற்கவே இல்லை.

ஸ்டெல்லா வேலையில் இவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டாம்.