பெட்டிக் கதவு

ஹெஸ்டர் கேட்டர்மோல் கல்யாணமாகி வந்த அன்றே வாசல் உத்திரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள். குனிந்து நடக்கப் பழகியதும் அந்த வீடு அவளுடையதாயிற்று. ஓக் சட்டங்களுக்கிடையில் களிமண் பூசிய சுவர், வைக்கோல் கூரை, கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. இங்கிலாந்தில், சஃபோல்க்கில், எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும்.

மாடிப்படி புகைபோக்கியை ஒட்டி, அலமாரி போன்ற கதவுக்குப் பின்னால் சுருண்டு ஏறும். ஆள் ஏறலாம், சவப்பெட்டி இறங்காது. அதனால் மாடித் தரைப் பலகையிலேயே ஒரு கதவு. பெட்டியைக் கயிறு கட்டி அந்த வழியாக அடுக்களைக்கு இறக்குவார்கள். மாமனார் அப்படித்தான் இறங்கினார். மாமியாரும். பிறகு ஹெஸ்டரின் மகள் டோரா, கல்யாண வயதில். அன்று மாலையே ஹெஸ்டர் கட்டிலை இழுத்து அந்தக் கதவின்மேல் போட்டாள். பிறகு நகர்த்தவே விட்டதில்லை. அடியில் பெருக்கியதுமில்லை.

போன ஜனவரியில் அவள் கணவன் பெர்சிக்குக் குடலிறக்கம் முறுக்கிக்கொண்டது. இருட்டுவதற்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்கமாட்டான் என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் தூக்குப்படுக்கையைப் படியில் விதவிதமாகச் சாய்த்துப் பார்த்தார்கள். நுழையவில்லை. ஆளை மட்டும் தூக்கலாமென்றால், உடம்பை மடக்கியதும் பெர்சி அலறினான்.

"அம்மா, கட்டிலுக்கு அடியில ஒரு கதவு இருக்காமே."

கேட்டது மூத்த ஆம்புலன்ஸ்காரன். அவனிடம் சொன்னது நான். ஹெஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது வழியாப் போனவங்க யாரும் திரும்பி வரல."

"அவங்கல்லாம் செத்தப்புறம் போனவங்க, ஹெஸ்டர்" என்றேன்.

"ஜன்னலப் பாருங்க."

"அதுல பூனைதாம்மா போகும்" என்றான் இளைய ஆம்புலன்ஸ்காரன்.

பெர்சி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "திறக்க விடுடி. எங்கப்பன விட நான் ஒல்லி. சிக்க மாட்டேன்."

"வாய மூடு" என்றுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

அவனோடு சேர்த்தே கட்டிலை நகர்த்தினோம். கதவைத் தூக்கினோம். அவனைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கட்டினோம்.

"தலை முதல்ல வரட்டும்! கால் முன்னால போறது பொணந்தான்!" கீழிருந்து ஹெஸ்டர் கத்தினாள்.

"முடியாதும்மா. காலைத்தான் விடணும்."

பெர்சியின் வெறுங்கால்கள் தாழ்ந்த அடுக்களைக்குள் இறங்கின. நேர் கீழே அவள் நின்றிருந்தாள், கையில் அவனுடைய வயல் பூட்ஸ். ஒரு காலைப் பிடித்து மாட்டினாள்.

"அம்மா, கயிறு கையை அறுக்குது!"

"பிடி. செத்தவனுக்கு யாரும் பூட்ஸ் போடறதில்ல."

நாடாவில் இரட்டை முடிச்சுப் போட்டாள். அடுத்த காலுக்கும்.

"இடது கால் இறுக்குதுடி" என்று முனகினான் பெர்சி.

ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் வந்தது பூட்ஸ்தான். காகிதப் பையில், நாடா அறுபட்டு. கொண்டுவந்த பாதிரியார், "முடிச்ச அவிழ்க்க முடியலயாம்" என்றார்.

"ஆளு?"

"இன்னும் சொல்ல முடியாதாம்."

குளிர் தணிந்த பிறகு பெர்சி வந்தான், பாதி உடம்பாக இளைத்து. கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளச் சொன்னான். அவள் விடவில்லை.

"இருக்கட்டும். கண்ணுல படட்டும்."

இப்போது அந்தக் கதவுக்கு நேர் கீழே, அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில் அவளுடையதும் நிற்கிறது, புது நாடா கோத்து. தன் முறை வந்தால் அவன்தான் மாட்டிவிட வேண்டும் என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறாள். கயிறு பிடிக்க அவனால் இனி ஆகாது. அது என் வேலை. தேநீர்க் கோப்பையை நான் எடுக்கும்போதெல்லாம் அவள் என் கைகளைப் பார்க்கிறாள்.