ரத்தம் ஊறுவதற்கான கீரை

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் என் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. மாத்திரை கம்மியானால் ரத்தம் கெட்டியாகி வால்வு அடைத்துக்கொள்ளும். ஜாஸ்தியானால் ரத்தம் நீர்த்துப்போய் மூளைக்குள்ளேயே கசியலாம். இரண்டையும் சொல்லிவிட்டு டாக்டர், "மத்தபடி நீங்க சாதாரணமா இருக்கலாம்" என்றார். எப்படி இருப்பதாம்?

மாதாமாதம் வேலூருக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும். பஸ் போளூர் தாண்டும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்ப்பேன். ஊசிக்குப் பயமில்லை, மத்தியானம் வரப்போகும் ரிசல்ட்டுக்குத்தான். நான் பயந்தாங்கொள்ளி, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

என் மனைவிக்கு வேறு கவலை. "இருக்கறதே கொஞ்சூண்டு. அதையும் மாசாமாசம் உறிஞ்சிட்டா எப்படிங்க நிப்பீங்க?" என்பாள். வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கைமரம் இருந்தது. ரத்தம் ஊற முருங்கைக்கீரை என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொரியல், அடை, சாறு என்று தினமும் ஏதாவது ஒரு ரூபத்தில் அது தட்டுக்கு வந்துவிடும்.

ரிசல்ட்டில் ரத்தம் கெட்டி என்றே வந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். மறுபடியும் கெட்டி. மறுபடியும் கூட்டினார்கள்.

"மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சாமி சத்தியமா போடறேன் சார்."

"சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்லீங்க, வழக்கமான சாப்பாடுதான்" என்றாள் மனைவி. பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்றால் எங்களுக்குச் சோறு, குழம்பு. கீரை அவள் கணக்கில் மருந்து.

ஐப்பசி மழையில் மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டது. கீரை நின்றது. கூட்டிய மாத்திரை மட்டும் தொடர்ந்தது.

கார்த்திகை தீபத்தன்று காலை பல் விளக்கினேன். துப்பியதெல்லாம் சிவப்பு. கொப்பளித்துக் கொப்பளித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. தொடையில், எங்கே இடித்துக்கொண்டேன் என்றே தெரியாத ஊதாத் திட்டு. தலை வேறு லேசாக வலித்தது. உள்ளே கசிவது இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்று நினைத்ததும் மனைவியைக் கூப்பிட்டு, வேலூருக்குக் கிளம்பு என்றேன்.

வேலூர் ரோடு முழுக்க ஜனம். ஊரே தீபம் ஏற்றும் மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த்திசையில் நடந்தோம். யாராவது முழங்கையால் இடித்தால் போதும், செத்தேன் என்று நினைத்தேன். அவள் எனக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வழி விடுங்க, ஒடம்பு முடியாதவரு, கொஞ்சம் வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே போனாள். அரோகரா சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய பஸ் ஒன்றில் ஏறினோம். வேலூர் போகும்வரை வாயில் துண்டை வைத்துக்கொண்டு, தலைவலி கூடுகிறதா, கம்மியாகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் தண்ணீராக இருக்கிறது என்றார்கள். அது உறைவதற்கு உடனே ஒரு ஊசி போட்டார்கள். டாக்டர் பழைய கேள்வியையே கேட்டார்.

"புதுசா ஒண்ணுமே குடுக்கல டாக்டர்" என்று அவள் அழுதாள். "கீரைகூட பூச்சி விழுந்துட்டுதுன்னு நிறுத்திட்டேன்."

"என்ன கீரை?"

அவள் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இப்ப போட்ட ஊசியில இருக்கறதுதாம்மா உங்க கீரையிலயும் இருக்குது. நாங்க மாத்திரையக் கூட்ட, நீங்க கீரையால அதோட வேகத்த எறக்கிட்டிருந்தீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் ரத்தம் நின்றது. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் சோறு வடித்து, ரசம் வைத்தாள். தட்டைப் போட்டுவிட்டுக் கரண்டியோடு நின்றாள். நான் அண்ணாந்து பார்த்தேன்.

"உங்களுக்கு ஆக்கிப் போடவே பயமா இருக்குதுங்க" என்றாள்.