“எங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்களா, சிஸ்டர்?”

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. நடந்தது என் பெரியம்மா மகளுக்கு. எங்கள் எல்லோருக்கும் அக்கா. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். மனநல மருத்துவமனையில் நர்ஸ். அப்போதுதான் அங்கே பெண்கள் வார்டுக்கு வேலைக்கு வந்திருந்தாள்.

சேர்ந்த வாரமே விதிமுறை வகுப்பு. நோயாளி விழுந்தாலும், அடிபட்டாலும், காணாமல் போனாலும் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்ல வேண்டும். மேற்பார்வை அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். யாருக்குத் தெரிகிறதோ அவரே எழுதலாம். மேலே யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அக்கா தூங்கவில்லை. அக்கறை என்றெல்லாம் இல்லை. அவளுக்குக் கிடைத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.

ஒரு பிற்பகல். சாப்பாடு முடிந்து வார்டே படுத்திருந்தது. வெளியே நல்ல வெயில். கடைசிக் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். எல்லோரும் நீல உடையில் இருக்க, இவள் மட்டும் பச்சை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... அக்கா துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

“வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்.”

எங்கே என்று கேட்டாள் அக்கா. பின்பக்கக் குளியலறை என்று பதில் வந்தது. அது பூட்டிக் கிடக்கும் கட்டடம். துவட்டத் துவட்ட ஈரம் குறையவில்லை. துண்டைப் பிழிய வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

“எங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்களா, சிஸ்டர்?”

இதோ சொல்கிறேன் என்றாள் அக்கா. அந்தப் பெண் சொன்ன எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். உங்கள் மகள் விழுந்துவிட்டாள், பயப்பட ஒன்றுமில்லை என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள். 

“கிடைச்சுட்டாளா?” என்றது ஒரு பெண் குரல். “சுவரேறி ஓடிப்போயிட்டதா சொன்னீங்களே... வருஷம் ஒண்ணாச்சேம்மா.”

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

கட்டில் காலி.

மெத்தையில் துளி ஈரமில்லை.

அக்காவின் தோளில் கிடந்த துண்டு மட்டும்... சொட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி கூப்பிடுகிறேன் என்று எப்படியோ சொல்லி போனை வைத்துவிட்டு, தலைமை நர்ஸிடம் ஓடினாள். பச்சை உடை என்றதுமே அவருக்கு முகம் வெளுத்தது. நோயாளிகளுக்கு அந்தப் பச்சை உடையை நிறுத்தி மாதக்கணக்காகிறது.

“எழுதிடாதேம்மா” என்றார்.

அக்கா எழுதினாள். பார்த்ததை அல்ல. போன வருஷம் பின்பக்கக் குளியலறையில் ஒரு நோயாளி விழுந்ததாகத் தகவல், ஓடிப்போனதாக வீட்டுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்று மட்டும்.

மேற்பார்வை அலுவலகத்திலிருந்து போலீசோடு வந்தார்கள். பூட்டை உடைத்தார்கள். உள்ளே இருந்த தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினார்கள்.

அங்கே இருந்தாள்.

விழுந்ததை எழுத வேண்டி வருமே என்று பயந்த வார்டு ஊழியர்கள், அவளை அங்கே இறக்கிவிட்டு ஓடிப்போனதாகக் கதை கட்டியிருந்தார்கள். விழுந்ததுமே உயிர் போயிற்றா, இல்லை மூடியை மூடிய பிறகா... டாக்டர்களால் சொல்ல முடியவில்லை.

இதைப் போனில் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. நேரில் போனாள். கதவைத் திறந்த தாய் அழவில்லை. கூடத்தில் மகளின் உடை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். அக்கா வாயைத் திறக்குமுன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியும்மா. அன்னிக்கு நீங்க போனை வச்சதும் அவளே பேசினா.”

என்ன பேசினாள் என்று கேட்டாள் அக்கா.

“‘ரொம்ப நேரம் வலிக்கலம்மா’ன்னு சொன்னா.”

மடித்து வைத்திருந்த அந்த உடையைத் தடவினார்.

“பொய் சொல்றா. பெத்தவளுக்குக் குரல் தெரியாதா?”