மணக்காத மொட்டும் நாலு இங்கிலீஷ் வார்த்தையும்

சுகன்யாவுக்கு வாய் நீளம் என்று புகுந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நிலக்கோட்டைக்கு மேற்கே அவர்களுக்கு அரை ஏக்கர் மல்லிகை. ஊரில் பூப் போட்ட குடும்பங்களெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வாசனை எண்ணெய் எடுக்கும் மும்பை கம்பெனி ஒன்று, நேரடியாகப் பூ வாங்க ஆள் அனுப்பப் போகிறது என்று சேதி வந்ததும், தான்தான் பேசுவேன் என்று முதலில் கையைத் தூக்கியவள் அவள்.

கொழுந்தன் பழனிக்குமாருக்கு அது பிடிக்கவில்லை. இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிற ஆளை மதுரையிலிருந்து கூட்டி வரலாம் என்றான். அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. போன சித்திரையில் பூ வந்து குவிந்து விலை விழ, பறிக்கிற கூலிக்கே கட்டாமல் செடியிலேயே வாடவிட்டார்கள். இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் இந்த வருஷமும் அதே கதிதான். சுகன்யா மசியவில்லை. நம்ம பூவைப் பற்றி வெளியாளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, திண்டுக்கல்லில் நான்சி நடத்துகிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பஸ் ஏறினாள்.

நான்சிக்கும் ஏறக்குறைய இவள் வயதுதான். முதல் நாளே சுகன்யா கேட்டது, வாசத்துக்கு இங்கிலீஷில் என்ன என்பதைத்தான். ஸ்மெல் என்றாள் நான்சி. ஆனால் அதை மொட்டையாகப் போட்டால் கேட்கிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள் என்றும் சொன்னாள். நாம் வாசம், மணம், வாடை, நாத்தம் என்று இடம் பார்த்துச் சொல்வதுபோல அங்கேயும் உண்டு. ஓடர் என்பது சாக்கடைக்கும் வியர்வைக்கும். பூவுக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. சென்ட் என்றால் பாட்டிலில் இருப்பது மட்டுமல்ல, காற்றில் லேசாக வருவதும் சென்ட்தான். மனசாரப் புகழ்வதென்றால் ஃபிராக்ரன்ஸ். சுகன்யா பூப் பறிக்கிற நேரமெல்லாம் அத்தனையையும் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசைப் பெண்கள் ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று சிரித்தார்கள்.

கம்பெனி மேடம் ஒரு நாள் காலையில் வந்து இறங்கினார். அதுவரை ரோஜாவும் வெட்டிவேரும் வாங்கியவர்; மல்லிகைக்குப் புதிது. சங்கக் கொட்டகையில் ஈரச் சாக்கின் மேல் மொட்டுகள் வெள்ளை வெளேரென்று பரப்பிக் கிடந்தன. மேடம் ஒரு கை அள்ளி முகர்ந்தார். சுகன்யா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, படித்ததில் ஒன்றைக்கூட விடாமல் இறக்கினாள்.

"நோ ஸ்மெல், மேடம். நோ ஓடர். நோ சென்ட். நோ ஃபிராக்ரன்ஸ்."

பூச்சந்தையில் ஒரு மொட்டுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. காலையிலேயே மணக்கிற மல்லிகை விரிந்துபோன மல்லிகை. கமிஷன் கடைக்காரர் முகர்ந்த கையோடு விலையைக் குறைத்துவிடுவார். மணக்காத மொட்டுதான் முதல்தரம். ஆனால் வாசனை எண்ணெய்க்காக வந்தவரிடம், வாசமே கிடையாது என்று நாலு விதமாக அடித்துச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? மொட்டுகளைச் சாக்கில் போட்டுவிட்டு காரைப் பார்த்து நடந்தார்.

பழனிக்குமார் தலையில் கை வைத்தான். சுகன்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர்ப்பூ மொத்தத்தையும் தன் வாயாலேயே கெடுத்துவிட்டிருந்தாள். ஓடிப்போய்க் கார்க்கதவை மறித்தாள். சரியோ தப்போ, வாயில் வந்த இங்கிலீஷில் கொட்டினாள்: மொட்டு இப்போது தூங்குகிறது, சாயங்காலம் விழிக்கும், அதுவரை என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இருங்கள், மணக்காவிட்டால் கொடைரோட்டில் நானே ரயிலேற்றி விடுகிறேன். மேடத்துக்கு ரயில் ராத்திரிதான். அவள் நின்ற நிலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

மத்தியானம் கத்தரிக்காய் வெஞ்சனத்தோடு சாப்பாடு. மேடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சுகன்யாதான் பாதிச் சோற்றில் எழுந்து, இரண்டு தரம் கொட்டகைக்குப் போய் மொட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பூத்துருமா மதினி?" என்றான் பழனிக்குமார்.

"நான் சொதப்புவேன் தம்பி. பூ சொதப்பாது."

வெயில் தாழ்ந்தது. ஓரத்து மொட்டுகள் முதலில் வாய் திறந்தன, பிறகு சாக்கு முழுக்க. கொட்டகை நிறைந்து தெருவுக்கு வந்தது வாசம். மேடம் உள்ளே வராமல் வாசலிலேயே கண்ணை மூடி நின்றுவிட்டார். இத்தனை வருஷம் ரோஜாவையே கட்டிக்கொண்டு அழுதேனே என்று தன்னையே நொந்துகொண்டார். இனி மாசாமாசம் இந்த ஊர்ப்பூதான் என்று சங்கத்தார் முன்னால் சுகன்யாவுக்குக் கை கொடுத்தார். சுகன்யா விரிந்த பூவில் ஒரு கை அள்ளி மேடத்திடம் நீட்டினாள்.

கிளம்பும்போது, இனி போனில் உங்கள் பக்கம் யாரிடம் பேச வேண்டும் என்று மேடம் கேட்டார். பழனிக்குமார் முந்திக்கொண்டு மதினியைக் காட்டினான். கார் நகர்ந்ததும் மெதுவாக, "மேடத்துக்கிட்ட, காலையில மட்டும் போன் பண்ண வேணாம்னு சொல்லிருங்க மதினி" என்றான்.

"காலையிலயும் நான்தான் பேசுவேன்" என்றாள் சுகன்யா.