முறுக்குவதற்கு முன் நசுங்க வேண்டிய பழம்

என் சித்தப்பாவுக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அவரே அப்படித்தான் சொல்லுவார்; மறுத்துப் பேச எங்கள் வீட்டில் யாரும் மெனக்கெடுவதில்லை. பம்புசெட், மிக்ஸி, பக்கத்து வீட்டு டிவி என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவர், பழைய கார் ஒன்று வாங்கியதும் அதையும் பிரிக்கத் தொடங்கினார்.

கார் வாங்கியதே சித்தியின் முட்டைகளுக்காகத்தான். பென்னாகரத்துக்கு வெளியே எங்கள் விவசாயக் காட்டில் சித்தி நாட்டுக்கோழி வளர்த்தாள். வாரம் இரண்டு நாள் முட்டைகளைத் தட்டுத்தட்டாக அடுக்கித் தருமபுரியில் ஒரு மெஸ்ஸுக்குக் கொண்டுபோவாள். பின்சீட்டில் உட்கார்ந்து தட்டுகள் சரியாமல் பிடித்துக்கொள்வது, பள்ளி விடுமுறையில், பத்து வயதுப் பெண்ணான என் உத்தியோகம். சாலையில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும்.

அந்த வருடம் ஒவ்வொரு குழியிலும் காரின் முன்பக்கம் டக்கென்று இடித்தது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்க ரப்பர் வளையம் இருக்கும், புஷ் என்பார்கள்; அது கிழிந்திருந்தது. சித்தப்பா தானே புதுசு வாங்கி மாட்டினார். மூன்று மாதத்தில் அதுவும் கிழிந்தது. முட்டைகள் விரிசல் விட்டன. இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று மெஸ்காரர் சொல்லிவிட்டார். கோழிகள் சித்தி தனியாக நின்று உண்டாக்கியவை. அன்று திரும்பும் வழியெல்லாம் அவள் விரிசல் விட்ட முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகையாக வந்தது.

மறுவாரம் மூன்று பேரும் தருமபுரியில் உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். கல் மாதிரி கெட்டியாக இருந்த சிவப்புப் புஷ்ஷின் மேல் சித்தப்பாவின் கண் விழுந்தது. இது ஆயுசுக்கும் தேயாது என்றார் சித்தப்பா. சித்தி இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, கறுப்பு ரப்பரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கடைக்காரர் வெளியே வந்து, காருக்கடியில் குனிந்து கிழிந்த புஷ்ஷைப் பார்த்தார்.

“ஜாக்கி மேல இருக்கறப்பவே முறுக்கிட்டீங்களா? சக்கரம் தொங்கறப்ப முறுக்கினா, கீழ எறக்குனதும் ரப்பர் திருகிக்குமுங்க. எறக்கி, வண்டிய ரெண்டடி உருட்டிட்டு அப்பறம் முறுக்குங்க.”

அவர் பிறப்பதற்கு முன்பே தான் ஸ்பேனர் பிடித்தவன் என்று சித்தப்பா சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கடைக்காரருக்கு எப்படியும் ஐம்பது வயதிருக்கும். சித்தி கறுப்பு ரப்பருக்குப் பணம் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு அருகே வண்டியை நிறுத்தச் சொல்லி எலுமிச்சம்பழம் வாங்கினாள். பாவம், இனி சாமிதான் துணை என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா இரும்புக் கைகளைக் கழற்றி, லேத் பட்டறையில் புதுப் புஷ்ஷை அழுத்திப் பொருத்தி வாங்கி வந்து மாட்டினார். போல்ட்டுகளைக் கையால் திருகிவிட்டு ஸ்பேனரை எடுத்தபோது சித்தி கற்பூரத்தட்டோடு வந்து நின்றாள்.

“பழம் நசுங்கறதுக்கு முன்னால முறுக்கக்கூடாதுங்க. போன தடவ பழமே வெக்கல.”

“எந்த ஊரு சாஸ்திரம் இது?”

“எங்க வூட்டுப் பக்கம் அப்படித்தானுங்க.”

சித்தியின் ஊர் அரூர்ப் பக்கம். சித்தப்பா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, பொம்பளைங்க மூடநம்பிக்கையைத் திருத்த முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கினார். சக்கரங்களுக்கு முன்னால் பழங்கள். நாங்கள் தள்ளினோம், கார் ரெண்டடி உருண்டது, பழங்கள் நசுங்கின. சித்தப்பா சாக்கை விரித்து அடியில் நுழைந்து, எல்லா போல்ட்டையும் இறுக்க முறுக்கினார்.

அடுத்த நடையில் ஒரு முட்டைகூட விரிசல் விடவில்லை. மாதங்கள் போயும் விடவில்லை. எலுமிச்சைச் சாறு பட்டால் கார் சத்தம் போடாது என்று நான் வகுப்பில் அடித்துச் சொன்னேன். நம்பாதவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

சித்தியின் பிறந்த வீட்டுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். ஒரு சைக்கிளைத் தவிர அங்கே வண்டியே இருந்ததில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இன்னொன்றும் உறைக்கவில்லை. அடுத்த வருடம் பக்கத்துக் காட்டுக்காரரின் காருக்கு இதே வேலை வந்தது. அவர் ஸ்பேனரை எடுத்ததும் சித்தப்பா கையை நீட்டித் தடுத்து, முதலில் ஜாக்கியை இறக்கி, பழம் வைத்து வண்டியை உருட்டச் சொன்னார். சாமிக்காகவா என்று அவர் கேட்டார்.

“எங்க வூட்டுப் பக்கம் அப்படித்தான்” என்றார் சித்தப்பா.