அளவுச் சட்டை

கொழும்பில் அந்த வைத்தியர் என் மார்பில் ஊதாப் பேனையால் கோடு கீறியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடமாகச் சேலைச் சட்டை தைக்கிறேன். இப்போது கிளிநொச்சியில் சின்னக் கடை. அவர் கீறியது, நான் துணியில் மார்பு மடிப்புக்கு டாட் பிடிக்கக் கீறும் அதே கோடு. கூடியதை வெட்டி, மிச்சத்தை மேலே ஏற்றித் தைப்பது. துணிக்கு நோகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த மார்பு. தோளிலிருந்து நுனிவரை பதின்மூன்றரை அங்குலம். ஊரை அளக்கும் நாடாவால் என்னையும் அளந்து வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் கீழ்மடிப்பில் தோல் வெந்து புண்ணாகும். ஆனால் புண்ணுக்காக மட்டும் நான் கொழும்புவரை போகவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மார்பைத் தூக்கித் தைக்கப் போகிறேன் என்றதும் என் மனுசன், "உமக்கென்ன விசரே? இனி ஆருக்குக் காட்டப் போறீர்?" என்றார். எனக்குத்தான் என்றேன்.

வைத்தியர் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தார். எவ்வளவு உயரத்துக்கு வேண்டும்? இரண்டு கிழமைக்குள் யோசித்துச் சொன்னால் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கலாம்.

தையல்காரிக்கு யோசிக்க ஒரு வழிதான் தெரியும். சண்டையில் இடம்பெயர்ந்த காலம் முழுவதும், தையல் மெசினின் தலையோடு சேர்த்து நான் தூக்கித் திரிந்த உரப்பை ஒன்று அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது. அதற்குள் என் பழைய நீலச் சட்டையைக் கண்டெடுத்தேன். கடை மூலையில் நின்ற தலையில்லாத துணிப்பொம்மைக்கு அதைப் போட்டு, சட்டை இறுகும்வரை உள்ளே பஞ்சு அடைத்தேன். பத்தே அங்குலம். பிள்ளைகள் பிறக்க முந்தி நான் இப்படித்தான் நின்றிருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

ஆனால் பொம்மையாய் நின்ற அவளோடு ஒரே அறையில் இருப்பது சரிவரவில்லை. மெசின் மிதிக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனால், காலையில் வாசலைப் பார்த்து நின்றாள். காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். யன்னல் பூட்டித்தான் இருந்தது. வலத்தோள் வேறு ஒரு விரல் அளவு சரிந்திருந்தது. பஞ்சை எடுத்து எத்தனை முறை அடைத்தாலும் அப்படியே சரிந்து நின்றாள். என் தோள் எப்போதாவது சரிந்திருந்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. என் உடம்பே எனக்கு ஞாபகமில்லை என்பது பயமாக இருந்தது.

ஒரு நாள் இருட்டுப்படும் மைம்மல் பொழுதில், நெடுங்கேணியிலிருந்து வழக்கமாகச் சட்டை தைப்பிக்க வரும் அக்கா ஒருவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எப்ப வந்தனீ?" என்றார் பொம்மையைப் பார்த்து. மெல்லிய குரலில், கோபிப்பது போல.

ஓடிப்போய் லைட்டைப் போட்டேன். அவர் பொம்மைக்குக் கிட்டப் போய் அந்தச் சரிந்த தோளைப் பிடித்தார்.

"இது என்ரை தங்கச்சியின்ரை சட்டை. தண்ணிக்குடம் தூக்கித் தூக்கி அவளுக்கு இந்தத் தோள் இறங்கினது. சண்டைக்குள்ளை காணாமல் போக முந்தி அளவுக்கெண்டு உங்களிட்டைக் குடுத்தவள்."

அப்போதுதான் விளங்கியது. புதுச் சட்டை தைக்க வருகிறவர்கள் அளவுக்குப் பழையது ஒன்றைத் தந்துவிட்டுப் போவார்கள். சண்டை நெருங்கிய மாதங்களில் தந்தவர்கள் சிலர் திரும்பி வரவேயில்லை. அவர்களின் சட்டைகளையும் என்னுடையவற்றோடு சேர்த்துத்தான் அந்த உரப்பையில் கட்டியிருந்தேன். நான் திரும்பிப் போக ஆசைப்பட்ட உடம்பு என்னுடையதே இல்லை. காணாமல் போன ஒருத்தியின் அளவுக்கு என்னை வெட்டித் தைக்கச் சொல்ல இருந்தேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, இப்பவே கழட்டுறன்."

"கழட்டாதேங்கோ." கதிரையைப் பொம்மைக்கு முன்னால் இழுத்துப் போட்டு இருந்தார். "இருந்தாளெண்டால் இப்ப அவளுக்கும் உங்கடை வயசு. இவள் அண்டைக்கு நிண்ட மாதிரியே நிக்கிறாள், எனக்குப் பார்க்கேலாமல் கிடக்கு. உங்களுக்கு அளவு தெரியும்தானே. இப்பத்தை வயசுக்கு ஆக்கிக் காட்டுங்கோ."

அந்த வயதுக்கு எனக்கு மனப்பாடமாக இருந்த அளவு ஒன்றுதான், என்னுடையது. பக்கத் தையலைப் பிரித்தேன். நாடாவைத் தோளில் வைத்து, பதின்மூன்றரை வரும்வரை பஞ்சைக் கீழே இறக்கினேன். வயிற்றிலும் கொஞ்சம் வைத்தேன். அக்காவின் முன்னால் நான் உடுப்பைக் களைவது போலக் கூச்சமாக இருந்தது.

அக்கா எழுந்து வந்து இரண்டு கைகளாலும் சட்டையின் முன்பக்கத்தை நீவிவிட்டார்.

"இப்ப வடிவாய் இருக்கிறாள்," என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பொம்மையைச் சட்டையோடு தரச்சொல்லிக் கேட்டார், கொடுத்தேன். ஓட்டோவில் பக்கத்தில் இருத்தி, விழாமல் இடுப்பில் கையைப் போட்டுக்கொண்டு போனார். பின்னால் நின்று பார்க்க, அவரோடு போவது நான்தான் போலிருந்தது. மறுநாள் கொழும்புக்குப் போன் எடுத்து, நாள் குறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.